மேற்கு வீட்டு மயிலாத்தாள்

எங்கள் ஊர்ச் சந்தையில் செவ்வாய்க்கிழமைதோறும் பக்கத்து வீட்டுக்காரர்களை மாற்றிக்கொள்ளலாம். ஊரின் பெயர் சாத்தம்பேட்டை. பழைய மாட்டுச் சந்தை மைதானத்தில் வேப்பமரத்தடியிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை முளைக்குச்சிகள் அடித்திருக்கும். ஒவ்வொரு குச்சிக்கும் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் கணுக்காலில் கயிற்றோடு உட்கார்ந்திருப்பார். கயிறு இறுக்கமாக இருக்காது. ஒரு மரியாதைக்குத்தான் கட்டுவது.

ஒவ்வொரு வீட்டுக்கும் மேற்கே இருப்பவர் அந்த வீட்டுக்குச் சொந்தம். என் வீட்டுக்கு மேற்கே மயிலாத்தாள் இருந்தாள். அவள் எனக்குச் சொந்தம். நான் எனக்குக் கிழக்கே இருக்கும் கிட்டுசாமி வாத்தியாருக்குச் சொந்தம். மேற்கே இருப்பவரைப் பிடிக்காவிட்டால் காலையில் சந்தைக்கு ஓட்டிப்போய், வேறொருவருடைய மேற்கு வீட்டுக்காரரோடு மாற்றிக்கொண்டு, மாலையில் புது ஆளோடு திரும்பிவிடலாம். ஒன்றுக்கு ஒன்று, அவ்வளவுதான். இதில் பணம் கைமாறக் கூடாது. வீடுகள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆட்கள்தான் கட்டிலையும் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு இடம் மாறுவார்கள்.

ஊர் எல்லையில் 'வாழச் சிறந்த பழம்பெரும் சந்தை நகரம்' என்று ஒரு வளைவு வைத்திருக்கிறார்கள். மற்ற ஊர்களில் காற்று நன்றாக இருக்கலாம், தண்ணீர் நன்றாக இருக்கலாம், பக்கத்து வீடு வாய்க்காவிட்டால் என்ன பிரயோஜனம் என்று எங்கள் ஊர்க்காரர்கள் கேட்பார்கள். கேட்டுவிட்டுத் தலையை லேசாகச் சாய்த்துக்கொள்வார்கள். அந்தத் தலைச் சாய்ப்பைப் பார்த்தாலே எனக்கு எரியும். சந்தை மண்டபத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. ஊரின் பெருமை முழுவதும் அதில் இருக்கிறதென்று ஆண்டுக்கொருமுறை மாலை போடுவார்கள். சந்தைக்குள் எச்சில் துப்புகிறவனுக்கு அபராதம் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. மாலை போட்டுவிட்டு அதன் அடியிலேயே துப்பிவிட்டு வருவார்கள்.

நான் சந்தையில் கயிற்றுக் கடை வைத்திருக்கிறேன். மாடு வந்த காலத்தில் மூக்கணாங்கயிறும் தும்பும் விற்றேன். இப்போது கணுக்கால் கயிறு. வருகிறவர்கள் மெத்தென்று இருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்து வாங்குகிறார்கள்.

சந்தையில் ஆளைப் பார்க்கும் முறை மாட்டைப் பார்த்த முறைதான். முதலில் பல். பிறகு நடை. பிறகு தலையில் சுழி. அதற்குப் பிறகு, இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பாரா, டிவியைச் சத்தமாக வைப்பாரா, மாடியில் வடகம் காயவைத்தால் காக்காய்க்குக் காவல் இருப்பாரா என்று விசாரிப்பார்கள். இப்படித் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததில் எங்கள் தெருக்களில் நல்லவர்கள் மட்டுமே மிஞ்சியிருக்கிறார்கள். எல்லோரும் பூனை மாதிரி நடப்பார்கள். கதவைப் பஞ்சில் சாத்துவது போலச் சாத்துவார்கள். தும்மல் வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவார்கள். யாருக்கும் யார்மேலும் ஒரு வருத்தமும் கிடையாது, ஒரு விசாரிப்பும் கிடையாது. ஒரு தெரு முழுக்க வெந்நீர் குடித்தது போல இருக்கும்.

மயிலாத்தாள் ஒருத்திதான் விதிவிலக்கு. அவள் மாவு மில் வைத்திருந்தாள். மில் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, மில் ஓடாத நேரத்திலும் அதே குரலில்தான் பேசுவாள். காலையில் நான் அடுப்பைப் பற்றவைத்தால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஆரம்பித்துவிடுவாள்.

"ஏப்பா ராக்கியண்ணா, வெங்காயங் கருகுது, மூக்க எங்க அடமானம் வெச்சே? கொளம்புக்குப் பெருங்காயம் போடுலியாட்ட இருக்குது?"

போட்டிருக்க மாட்டேன். எழுந்து போய்ப் போடுவேன்.

"நேத்துப் பூரா இருமிட்டே கெடந்தியே, டாக்டருகிட்டப் போனியா, இல்ல கயித்தக் கட்டி மலைய இழுக்கப் போயிட்டியா?"

போயிருக்க மாட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். மனைவி போன பிறகு நான் உயிரோடு இருக்கிறேனா என்று தினமும் கண்டுபிடித்த ஒரே ஆள் அவள்தான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்குத் தலையில் இரட்டைச் சுழி, அதனால் எவரும் கேட்கமாட்டார்கள், அதனால் சந்தைக்கு ஓட்டுவதில்லை என்று மட்டும் சொல்லிவந்தேன். ஊர்க்காரர்கள் என்னைப் பார்த்துப் பாவப்பட்டார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது.

பிறகு பெங்களூரிலிருந்து பிரசன்னா என்பவர் மனைவியோடு குடிவந்தார். வளைவைப் பார்த்து வந்தவர். ஊரின் மேற்கு ஓரத்தில் வீடு கட்டி, வாசலில் மாட்டுவண்டிச் சக்கரம் ஒன்றைச் சாய்த்து வைத்தார். அவருக்கு மேற்கே தயாபரன் இருந்தார். தயாபரன் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிறந்த அண்டை வீட்டாருக்கான கேடயத்தைத் தொடர்ந்து வாங்கி வருபவர். பிரசன்னாவுக்கு அவரைப் பிடிக்கவில்லை.

"இவர மாதிரி ஆளுங்க எங்க அபார்ட்மென்ட்லயே நெறைய பேர் இருந்தாங்க சார். எங்களுக்கு ஒரிஜினலா வேணும். நல்லா திட்டற மாதிரி," என்று தரகர் ஆறுச்சாமியிடம் சொன்னார்.

ஆறுச்சாமி என் கடைக்கு வந்தார். மயிலாத்தாளைத் தர முடியாது என்று சொன்னேன். அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரம் ஒன்றும் பேசாமல் நான் போகும் இடமெல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் சந்தையில் பேரம் வாயால் நடக்காது. தரகர் முன்கையில் ஒரு துண்டு தொங்கும். அதற்குள் கையை விட்டு, விரலைப் பிடித்துப் பேசிக்கொள்ள வேண்டும். கட்டைவிரலைப் பிடித்தால் யோசிக்கிறேன் என்று பொருள். ஆள்காட்டி விரலைப் பிடித்தால் ஆளோடு ஆட்டுக்கல்லும் வர வேண்டும் என்று பொருள். சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தால் சம்மதம். துண்டுக்குள் நடந்ததை வெளியே பேசக் கூடாது. முடிந்த பேரத்தை முடியவில்லை என்று சொன்னவர் இதுவரை எங்கள் ஊரில் எவரும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வாழைக்காய் பஜ்ஜி தின்றேன். கையெல்லாம் எண்ணெய். துடைக்க ஒரு துணி தேடினேன். பக்கத்தில் ஒரு துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. துடைத்தேன். அதற்குள் ஒரு கை இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கில் என் விரல்கள் வழுக்கிக்கொண்டே போய் ஒரு சுண்டுவிரலில் மாட்டி நின்றன. உருவிக்கொள்வதற்காக இழுத்தேன்.

ஆறுச்சாமி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நல்ல மனசுங்க உங்குளுக்கு," என்றார்.

நான் துண்டில் எண்ணெய் துடைத்தேன் என்று சொல்ல முடியாது. துண்டுக்குள் நடந்தது அது.

மயிலாத்தாள் கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். மில்லைச் சாத்திச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். என் வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தாள். ஏதாவது கத்துவாள் என்று நின்றுகொண்டிருந்தேன். அவள் கட்டிலைச் சரியாகப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

அன்று மாலை தயாபரன் வந்து சேர்ந்தார். வந்ததே தெரியவில்லை. காலையில் சுவருக்கு மேல் ஒரு தலை தெரிந்தது.

"வணக்கங்க. நான் இங்க இருக்கறது உங்குளுக்குத் தொந்தரவா இல்லீங்களே?"

"இல்லீங்க."

"சந்தோசங்க. இருந்தாச் சொல்லுங்க, இல்லாத மாதிரி இருந்துக்கறேன்."

அப்படியே இருந்தார். வெங்காயம் கருகியது. எவரும் கத்தவில்லை. சுவர் ஓரமாகப் போய், "ஏனுங்க, இங்க ஏதாவது கருகற வாசம் வருதுங்களா?" என்று நானே கேட்டேன். "நீங்க கருகுதுன்னாக் கருகுதுங்க, இல்லீன்னா இல்லீங்க," என்றார் தயாபரன். வேண்டுமென்றே குழம்பில் உப்புப் போடாமல் ஒரு கிண்ணம் கொடுத்தேன். கிண்ணத்தைக் கழுவி, துடைத்து, உள்ளே ஒரு ரோஜாப்பூவை வைத்துத் திருப்பிக் கொடுத்தார். இருமல் மறுபடியும் வந்தது. நான் இருமும்போதெல்லாம் அவர் வீட்டு ஜன்னல் சத்தமில்லாமல் சாத்தப்பட்டது. ஊர்க்காரர்கள் கடைக்கு வந்து, "கடைசியா உங்குளுக்கும் விடிஞ்சுதுங்க," என்று கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். அவர்களுடைய கைகளும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தன.

மயிலாத்தாளைத் திரும்பக் கேட்டு பிரசன்னா வீட்டுக்குப் போனேன். வாசலில் வண்டிகள் நின்றன. சனி ஞாயிறுகளில் பெங்களூர் நண்பர்கள் வருவார்களாம். சுவர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து மயிலாத்தாளிடம் திட்டு வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு மதியச் சாப்பாடாம்.

"ஆனா இப்பல்லாம் அவங்க சரியா திட்றதில்ல சார்," என்றார் பிரசன்னா. "நாங்க டைம் எல்லாம் குடுத்துப் பாத்துட்டோம். பதினோரு மணிக்குனு சொன்னா, பதினோரு மணிக்கு வந்து நின்னு, வாங்க, நல்லா இருக்கீங்களான்னு கேக்கறாங்க. பழகினா சரியாயிடும்னு ஆறுச்சாமி சொல்றார். திருப்பியெல்லாம் குடுக்கறதா இல்ல."

சுவருக்கு அந்தப் பக்கம் போனேன். மயிலாத்தாள் வாசலில் உட்கார்ந்து புளியைக் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து நின்றாள்.

"வாங்க," என்றாள். "உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

அவள் என்னை 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. சந்தையில் எத்தனையோ பேருடைய பல்லைப் பிடித்துப் பார்ப்பதைச் சலனமில்லாமல் கண்டவன் நான். அந்த 'ங்க'வை என்னால் தாங்க முடியவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் கண் கரித்தது. அவள் அங்கே கொஞ்சம் கொஞ்சமாக நல்லவளாகிக்கொண்டிருந்தாள். இன்னும் சில மாதம் போனால் கேடயம் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அவளை எவராலும் மீட்க முடியாது.

இரண்டு நாள் யோசித்தேன். மயிலாத்தாள் எனக்குச் சொந்தமாக வழியில்லை. ஆனால் நான் மயிலாத்தாளுக்குச் சொந்தமாகலாம். அவளுக்கு மேற்கே நான் போய்ச் சேர்ந்தால் போதும். அதற்கு என்னைச் சந்தைக்கு ஓட்ட வேண்டியவர் கிட்டுசாமி வாத்தியார். போய்க் கேட்டேன்.

"நானே சொல்லோணும்னு இருந்தேன்," என்றார் வாத்தியார். "தப்பா நெனைக்கப்படாது. உங்க ஊட்டுப் பக்கமிருந்து எப்பவும் கயித்து வாசம். என்ற சம்சாரத்துக்கு ஒத்துக்கறதில்லீங்க."

செவ்வாய்க்கிழமை காலை என் கடையிலிருந்தே ஒரு கயிற்றை எடுத்துக் கணுக்காலில் கட்டி என்னை ஓட்டிப்போனார். வழியில் இரண்டு இடத்தில் நின்று தெரிந்தவர்களோடு பேசினார். நானும் நின்றேன். மைதானத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி கிடைத்தது. வெயில் ஏறும் இடம்.

வந்தவர்கள் என் வாயைத் திறந்து பார்த்தார்கள். கடைவாய்ப் பல் ஒன்று போயிருந்ததைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். கொஞ்ச தூரம் நடக்கவிட்டார்கள். நான் இருமியதும் நகர்ந்துவிட்டார்கள். நேற்றுவரை என் கையைக் குலுக்கியவர்கள் இன்று என் முட்டியைத் தட்டிப் பார்த்து, "இது தேறாதுங்க," என்று வாத்தியாரிடம் சொன்னார்கள். வாத்தியார் வெட்கப்பட்டுக் குடையை என் பக்கம் இல்லாமல் மறுபக்கம் பிடித்துக்கொண்டார். மத்தியானம் ஆயிற்று. மயிலாத்தாள் வரவில்லை. நான் வந்திருக்கும் சேதி அவளுக்குப் போயிருக்கும், சந்தைச் சேதி போகாத வீடு கிடையாது. வராமல் இருப்பதற்கு அவளுக்கு எல்லா நியாயமும் உண்டு என்று எனக்குத் தோன்றியது. என் பஜ்ஜியால் போனவள் அவள்.

கடைகளைக் கட்டத் தொடங்கிய நேரத்தில் அவள் வந்தாள். இடுப்பில் ஒரு குடம். நேராக என் முன்னால் வந்து நின்று, என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"பல்லு வெளக்கறதே இல்லியாக்கும்? வாயா இது, குப்பமேடாட்ட நாறுது. ஏப்பா, கயிறு விக்கறவன் கயித்த இப்பிடியா கட்டிக்குவே, காலு வீங்கிக் கெடக்குது!"

சந்தை முழுக்கக் கேட்டது. தொட்டியில் தண்ணீர் குடித்த நாய் எழுந்து ஓடியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். சந்தையில் இருப்பவன் அப்படித்தான் நிற்க வேண்டும்.

ஆறுச்சாமி துண்டோடு வந்தார். "உங்குளுக்கு மேக்க யாருங்க?" என்று கேட்டார்.

"ஏரி," என்றாள் மயிலாத்தாள்.

பிரசன்னாவின் வீட்டுக்கு மேற்கே அவள் வீடு. அவள் வீட்டுக்கு மேற்கே வேறு வீடு இல்லை, ஊர் ஏரிதான். ஆகவே ஏரி அவளுக்குச் சொந்தம். இதில் ஆறுச்சாமிக்குச் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை. ஏரியைச் சந்தைக்கு ஓட்டிவர முடியாததால் குடத்தில் கொஞ்சம் கொண்டுவந்திருந்தாள்.

வாத்தியார் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு கை அள்ளி முகர்ந்தார். விரலை விட்டு மெல்லக் கலக்கி, தண்ணீர் எந்தப் பக்கம் சுழிக்கிறது என்று பார்த்துத் திருப்தியானார்.

"சத்தங்கித்தம் போடுமுங்களா?"

"ராத்திரிக்குத் தவக்களை கத்தும். வேறொண்ணுமில்ல."

"இருமுமா?"

"இருமாது."

"எரவல் கேக்குமா?"

"அது எதுக்குக் கேக்குது? நாலு ஊருக்குக் குடுக்குது."

வாத்தியார் என்னைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தபோது அவர் முகத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்கே உரிய அந்தத் தலைச் சாய்ப்பு வந்தது. ஒரு கயிற்றுக் கடைக்காரனைக் கொடுத்து ஒரு ஏரியை வாங்கப்போகிறவரின் முகம் அது. துண்டுக்குள் கையை விட்டார். மயிலாத்தாளும் விட்டாள். துண்டு கொஞ்ச நேரம் அசைந்தது. மாற்றம் கட்டுப்படியாகாது என்று அவளிடம் எவராவது சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது. எவரும் சொல்லவில்லை. மயிலாத்தாள் பட்டென்று இழுத்தாள்.

"எந்திரி," என்றாள் என்னிடம். "குடத்தத் தூக்கு."

விடிவதற்குள் இடம் மாறிவிட்டோம். ஏரி என் வீட்டுக்குக் குடிபோயிற்று. இரண்டு அறையிலும் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் நிற்பதாகவும், அடுப்பு மேடையில் கொக்கு உட்கார்ந்திருப்பதாகவும், தவளைகள் சொன்னதற்கு மேல் கத்துவதாகவும் கேள்விப்பட்டேன். தயாபரன் தன் வாசல்படியில் ஏறிய தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை; முழங்காலுக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலையில் அதற்கு வணக்கம் சொல்கிறாராம். நடுத்தெருவில் ஏரி உள்ள ஒரே ஊர் எங்களுடையதுதான் என்று வளைவில் இன்னொரு வரி சேர்க்கப்போகிறார்கள். பிரசன்னாவின் மாடியிலிருந்து முன்பு ஏரி தெரியும். இப்போது நான் பனியன் காயவைப்பது தெரிகிறது.

நான் ஏரி இருந்த இடத்தில் கட்டிலைப் போட்டிருக்கிறேன். பரந்த இடம். மயிலாத்தாளின் பின்கதவைத் திறந்தால் கரை. காலையில் அங்கே நின்றுகொண்டு, பாலைப் பொங்கவிடுகிறேன், போர்வையை உதறுவதில்லை, சேற்றில் செருப்போடு நடக்கிறேன் என்று கத்துவாள். டாக்டரிடம் போகச் சொன்னாள், போய்விட்டு வந்தேன். இருமல் குறைந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஏரி மடைக்காரர் பொன்னுரங்கம் வந்தார். கரைமேல் நின்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். ஏரிக்கு அப்படித்தான் கும்பிடுவது.

"நாத்து நட்டாச்சுங்க," என்றார். "மதகத் தொறந்து பாத்தேன், ஒண்ணும் வருலீங்க. எப்ப உடுவீங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

நான் பதில் சொல்வதற்குள் மயிலாத்தாள் பின்கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள்.

"பொழுதுக்கும் கட்டில்ல கெடந்தா எப்பிடிப் பாயும்? அந்தப் பக்கமாச் சாஞ்சு படு!"

நான் கட்டிலை நகர்த்தி மதகுப் பக்கமாகத் தலைவைத்துச் சாய்ந்து படுத்தேன். சிறிது நேரத்தில் பொன்னுரங்கம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் ஓரமாக ஓடினார். கடைசி வயலுக்கும் எட்டுமா என்று தூரத்திலிருந்து கேட்டார். எட்டும் என்றேன்.